என்.எஸ்.எஸ்., ஹேக்கத்தான், கிராமத் திட்டம், கடைசி ஆண்டு பிராஜெக்ட்: மதுரைப் பொறியியல் மாணவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

"சார், படிப்பை முடிக்கிறதுக்குள்ள ஊருக்கு உபயோகமா ஏதாவது ஒண்ணு செய்யணும். என்.எஸ்.எஸ்.ல சேரவா, ஹேக்கத்தானுக்குப் பேர் கொடுக்கவா, இல்ல கடைசி வருஷ பிராஜெக்ட்டையே அப்படிச் செய்யவா?"

மதுரையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் பாடம் எடுக்கும் யாருக்கும் பழகிய கேள்வி இது. கேட்கிற பிள்ளைகளில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். கல்விக் கடன் இருக்கும், அரியர் பயம் இருக்கும், "நல்ல கம்பெனியில் வேலை கிடைச்சா போதும்" என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அப்படியிருந்தும் கேட்கிறார்கள். "எல்லாமே நல்லதுதான், எதிலாவது சேருங்கள்" என்று அவர்களை அனுப்பிவைக்க எனக்கு மனம் வருவதில்லை. நாட்டு நலப்பணித் திட்டமான என்.எஸ்.எஸ்., குறித்த நேரத்துக்குள் தீர்வு செய்து காட்டும் ஹேக்கத்தான் போட்டி, கல்லூரி வழியாகச் செய்யும் கிராமத் திட்டம், கடைசி ஆண்டு பிராஜெக்ட்: இந்த நான்கு வழிகளும் கேட்கும் நேரம் வேறு, கற்றுத்தருவது வேறு, ஊரில் மிஞ்சுவதும் வேறு.

மதுரையில் இருந்துகொண்டு உலகப் பிரச்சினையா?

இந்தத் தயக்கத்தை முதலில் தீர்த்துவிடலாம். 1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவைக்குப் பிறகு கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் 1980களில் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஏழை நோயாளி நினைத்தும் பார்க்க முடியாத விலை. 1992இல் அரவிந்தின் உற்பத்திப் பிரிவான ஆரோலேப் தொடங்கப்பட்டு அந்த லென்ஸ் மதுரையிலேயே தயாரானது. 100 டாலர் அளவில் இருந்த விலை 10 டாலருக்கும் கீழே இறங்கியது. இன்று அது 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

இன்னொன்று திருப்பரங்குன்றத்தில் நடந்தது. தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளைச் சாலை போடப் பயன்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். ஜல்லியை 170 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, அதன்மேல் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால், அது உருகி ஒவ்வொரு கல்லின்மேலும் மெல்லிய பூச்சாகப் படியும். அதன்மேல் தார் கலப்பார்கள். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே அப்படி ஒரு சாலை போடப்பட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நான் இதில் மாணவர்களைக் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. வழக்கமாகத் தார் போடுகிற அதே ஆட்கள், அதே கலவை இயந்திரத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்துவிடலாம். இந்த முறை வெளியூர்களுக்கும் பரவியதற்கு அது பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்ளலாம்.

1. பிரச்சினையைச் சொன்னது யார்? அதை அனுபவிக்கிறவரா, ஒரு காகிதமா, நாமேவா?
2. அதே இடத்துக்கு எத்தனை தடவை திரும்பிப் போக முடியும்?
3. நாம் படிப்பு முடித்துப் போன பிறகு அதை யார் பழுது பார்ப்பார்?
4. நம் துறை அறிவு இதில் எவ்வளவு வளரும்?
5. என்ன செலவாகும்? பணம் மட்டும் கணக்கில்லை. வருகைப் பதிவு, இன்டர்னல் மார்க், ஞாயிற்றுக்கிழமை, விடுதி அனுமதி எல்லாம் சேரும்.

இவற்றில் மூன்றாவது கேள்விக்கே நான் அதிக எடை கொடுப்பேன். காரணம் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பக்கம் இன்றும் நிற்கிற அடிபம்பைப் பாருங்கள். 1970கள் வரை இங்கே நட்டவை வெளிநாட்டில் ஒரு குடும்பம் பயன்படுத்துவதற்காக வடிவமைத்த வார்ப்பிரும்புப் பம்புகள். ஒரு கிராமமே நாள் முழுக்க அடித்தால் அவை எத்தனை நாள் தாங்கும்? பெரும்பகுதி பழுதாகிக் கிடந்தன. அதன் பிறகு சோலாப்பூரில் உருவான ஒரு பம்பை அடிப்படையாக வைத்து, யுனிசெஃப் உதவியோடு, கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதித்துப் பார்த்து, சென்னைத் தொழிற்சாலையில் தயாரித்ததுதான் இந்தியா மார்க் 2. அது உலகம் முழுக்கப் போனது. அப்போதும் ஒரு குறை இருந்தது. கீழே உள்ள சிலிண்டரைப் பழுது பார்க்க மொத்தக் குழாயையும் உருவ வேண்டும். அதற்குத் தனிக் கருவிகளும் வண்டியில் வரும் ஒரு குழுவும் வேண்டும். அதனால் மார்க் 3இல் குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கி, குழாயைக் கழற்றாமலே உள்ளிருக்கும் பாகங்களை மேலே இழுத்துவிட வழிசெய்தார்கள். ஊர் மெக்கானிக்கே பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஆப்பிரிக்காவில் நடந்த ப்ளேபம்ப். குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடினால் நிலத்தடி நீர் மேல்தொட்டிக்கு ஏறும் என்ற யோசனை. கேட்கவே அழகாக இருந்ததால் 2006இல் அமெரிக்காவில் பல மில்லியன் டாலர் நிதி அறிவிக்கப்பட்டது. சில இடங்களில் நன்றாக ஓடிய அடிபம்பை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். குழந்தைகள் எப்போதும் விளையாடிக்கொண்டா இருப்பார்கள்? பெண்கள்தான் அந்தச் சக்கரத்தைக் கையால் தள்ள வேண்டியதாயிற்று. பழுதானால் உள்ளூரில் பாகம் இல்லை. சில ஆண்டுகளிலேயே அந்தத் திட்டத்தின் வேகம் நின்றுபோனது. அந்த யோசனைக்குக் கைதட்டிய யாரும் மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை.

சரி, இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

என்.எஸ்.எஸ்.

1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிய திட்டம். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம். பணம் செலவில்லை. முதல் ஆண்டிலேயே சேரலாம்.

பொறியியல் அறிவு இதில் பெரிதாக வளராது. மரம் நடுவதும் கோயில் வளாகம் பெருக்குவதும் யாரும் செய்யக்கூடிய வேலை. ஆனால் நான்கு வழிகளில் இதுதான் முதல் ஆண்டிலேயே, அறிமுகமில்லாத ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "அத்தை, தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் வருது?" என்று கேட்கப் பழக்கும். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் பின்னால் எவ்வளவு பெரிய கருவி செய்தாலும் அது ஆய்வகத்தைத் தாண்டுவதில்லை.

மறைந்திருக்கும் செலவு சனி, ஞாயிறுகள். ரெக்கார்டு எழுதுவது தள்ளிப்போகும். அப்புறம், ஆண்டுக்கு ஒரு கிராமம் என்று மாற்றிக்கொண்டே போகும் அலகுகளும் உண்டு. அங்கே இரண்டாவது கேள்வி அடிபட்டுப் போகும். சேருவதற்கு முன் திட்ட அலுவலரிடம் "போன வருஷம் எந்த ஊர், இந்த வருஷம் எந்த ஊர்" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஹேக்கத்தான்

ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் 2017இல் தொடங்கியது. ஆறு பேர் குழு, அதில் குறைந்தது ஒரு பெண். அமைச்சகங்களும் மாநில அரசுத் துறைகளும் நிறுவனங்களும் பிரச்சினைகளைக் கொடுக்கும். மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம் தொடர்ந்து நடக்கும். வன்பொருளுக்குச் சில நாட்கள்.

வேகமாகச் செய்து காட்டும் திறமைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. இன்டர்வியூவில் சொன்னால் எதிரே இருப்பவருக்கு உடனே புரியும். வீட்டில் கடன் இருக்கிற பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் பிரச்சினை இங்கே காகிதத்தில் வருகிறது. அதை அனுபவிக்கிறவரை ஒருதரம்கூடப் பார்க்காமல் பரிசு வாங்கிவிடலாம். போட்டி முடிந்ததும், செய்த சர்க்யூட் போர்டு கல்லூரித் துறையின் அலமாரிக்குப் போகும். இறுதிச் சுற்று நாட்டின் எந்த மூலையிலும் இருக்கலாம், ரயில் டிக்கெட், பாகங்கள், கெட்டுப்போன சென்சாருக்கு மறு சென்சார் எல்லாம் பல சமயம் சொந்தக் கையிலிருந்தே போகும். இன்டர்னல் தேர்வு அதே வாரத்தில் வந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. பிரச்சினை எதைப் பற்றியதோ, அதில் புழங்குகிற ஒரு ஆளை மதுரையிலேயே தேடிப் பாருங்கள். பூ கெடாமல் வைப்பது பற்றிய தலைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் போய் நில்லுங்கள். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு இருப்பது இணையத்தில் கிடைக்கும். இருட்டோடு எழுந்து மொட்டு பறித்தவர், அது மாலையில் விரிவதற்குள் மாலை கட்டுகிறவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தவிப்பதும், முகூர்த்த நாளில் ஏறும் விலை மறுநாள் எப்படி விழும் என்பதும் அங்கேதான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு வந்து வரையும் குளிர்பெட்டியின் அளவும் விலையும் வேறாக இருக்கும்.

உன்னத் பாரத் அபியான் வழியாகக் கிராமப் பணி

2014இல் மத்திய அரசு தொடங்கியது, ஒருங்கிணைப்பது டெல்லி ஐஐடி. பங்கேற்கும் கல்லூரி குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஊரின் தேவைகளை அறிந்து, தொழில்நுட்பத் தீர்வு காண வேண்டும். ஐந்து கேள்விகளுக்கும் பதில் சொல்லக்கூடிய அமைப்பு, காகிதத்தில். நடப்பதெல்லாம் ஒருங்கிணைப்பாளராக இருக்கும் ஆசிரியரைப் பொறுத்தது. அவர் ஆர்வமுள்ளவராக இருந்தால் நான்கு வழிகளில் இதுதான் மேல். அவர் மாறிப்போனால் ஊரும் மறந்துபோகும்.

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் பார்த்ததைச் சொல்கிறேன். மாணவர்கள் நீர்மட்டத்தைக் கைபேசிக்கு அனுப்பும் சென்சார் ஒன்றை வைக்கலாம் என்ற திட்டத்தோடு போயிருந்தார்கள். சோலார் தகடு, பேட்டரி, சிம் எல்லாம் படம் வரைந்து தயார். அந்த ஊரில் மடை திறந்து வயலுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுகிற நீர்பாய்ச்சி பெரியவர் பொறுமையாகக் கேட்டார். மடைக் கல்லில் எந்தப் படி வரை தண்ணீர் நின்றால் எத்தனை நாளைக்குப் பாயும் என்று விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு சொன்னார்: "தண்ணி எம்புட்டு கெடக்குன்னு எனக்குத் தெரியும் தம்பி. தெறக்கத்தான் முடியல."

மடை ஷட்டரின் திருகுத்தண்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அதைத் திருப்ப மூன்று பேர் கம்பி போட்டு நெம்ப வேண்டும். பாதி திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது, சண்டை வரும். சென்சாரோடு போன பிள்ளைகள் திரும்பி வந்து மெக்கானிக்கல் துறை நண்பர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். தண்டின் மரையை அளந்து, மழையும் மண்ணும் படாத மூடி ஒன்றும், கிரீஸ் அடிக்க ஒரு நிப்பிளும் வரைந்தார்கள். வரைபடத்தை ஊருக்குப் பக்கத்து லேத் பட்டறையில் காட்டி, "இதை நீங்க செய்ய முடியுமாண்ணே?" என்று கேட்டு, அவர் சொன்னபடி இரண்டு அளவுகளை மாற்றினார்கள். பட்டறைக்காரரிடம் கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்த தடவை அது பழுதானால் ஊர்க்காரர்கள் போய் நிற்கப்போவது அவர் பட்டறை வாசலில்தான்.

இந்த வழியின் மறைந்த செலவுகளையும் அங்கேதான் பார்த்தேன். கண்மாய் யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளவை நீர்வளத்துறை பொறுப்பு, அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அனுமதி இல்லாமல் ஷட்டரில் கைவைக்கக் கூடாது. அந்தக் கடிதம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் செமஸ்டர் பாதி ஓடிவிடும். டவுன் பஸ் நேரம் ஒத்துவராது. மாலை ஆறு மணிக்குள் விடுதிக்குத் திரும்பியாக வேண்டும் என்பதால் பெண் மாணவிகள் ஊர்க்கூட்டத்தைத் தவறவிடுகிறார்கள். ஊர்க்கூட்டமோ ஆட்கள் வயலிலிருந்து வந்த பிறகுதான் கூடும். ஊரின் பெண்கள் தங்கள் சிரமத்தை மாணவிகளிடம்தான் மனம்விட்டுச் சொல்கிறார்கள்; அதனால் இதற்கு ஒரு ஏற்பாடு செய்வது கல்லூரியின் கடமை. இன்னொன்று, கணக்கெடுப்புப் படிவத்தைப் பார்த்தாலே பல ஊர்களில் சலித்துக்கொள்கிறார்கள். எழுதிக்கொண்டு போனவர்கள் திரும்பி வராததுதான் காரணம்.

பயன்படுத்துகிறவரோடு சேர்ந்து செய்யும் கடைசி ஆண்டு பிராஜெக்ட்

பிராஜெக்ட்டை எப்படியும் செய்தே ஆக வேண்டும். அதற்கு மார்க் உண்டு. அதனால் தனியாக நேரம் திருட வேண்டியதில்லை. துறை அறிவு முழுசாக வேலை செய்வது இங்கேதான். மதுரையில் இதற்கு வாசல்கள் உண்டு: கண் மருத்துவத்தில் அரவிந்த், கண்மாய், சுயஉதவிக் குழுப் பணிகளில் தானம் அறக்கட்டளை, சற்றுத் தள்ளி காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம். பெரிய நிறுவனம்தான் வேண்டும் என்றில்லை. ஒரு சுங்குடிச் சாயப்பட்டறை, ஒரு சிறப்புப் பள்ளி, தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் மாற்றுத்திறனாளி அக்கா, யாராக இருந்தாலும் "இது எனக்கு வேண்டும், நான் வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் ஒரு ஆள் போதும்.

இதன் கஷ்டம் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வரும். "இதில் புதுமை என்ன?" என்று வெளித் தேர்வாளர் கேட்பார். ஏற்கனவே உள்ள ஒன்றை மலிவாக்கினோம், உள்ளூரில் பழுது பார்க்கும்படி மாற்றினோம் என்ற பதில் சிலருக்குப் போதுவதில்லை. அதற்குத் தயாராகப் போங்கள்: பழையதன் விலை, புதியதன் விலை, பயன்படுத்தியவர் சொன்ன குறை, அதன்பிறகு செய்த மாற்றம், எல்லாவற்றையும் தேதியோடு எழுதிவையுங்கள். பொறியியல் பட்டப் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கும் வாஷிங்டன் உடன்பாட்டில் இந்தியா 2014இல் நிரந்தர உறுப்பினரானது. அதையொட்டிய தர அங்கீகார விதிகளில், சமூகத்துக்குப் பொறியாளரின் பொறுப்பும், சுற்றுச்சூழலும், அறநெறியும் பட்டதாரிக்கு இருக்க வேண்டிய தகுதிகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. தேர்வாளரிடம் அதைத் தாராளமாக எடுத்துச் சொல்லலாம்.

காசு கொடுத்து பிராஜெக்ட் சென்டரில் வாங்கிக்கொள்ளும் வழக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. நான்கு ஆண்டு படித்ததைக் கையால் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பை விற்றுவிடுகிறார்கள். மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. வாங்குகிற பிள்ளையைவிட, அதைத் தெரிந்தே கையெழுத்துப் போடுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

வெளிநாட்டு அமைப்புகள் வழியாக

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நம் மாணவர்களில் சிலருக்குத்தான் இது வாய்க்கும். ஏழை ஊர்களில் தண்ணீர், சாலை போன்ற வேலைகளுக்குப் பொறியாளர்கள் தன்னார்வமாக உதவும் எல்லையற்ற பொறியாளர்கள் (Engineers Without Borders) அமைப்பின் அமெரிக்கக் கிளை 2002இல் தொடங்கியது. ஒரு ஊரோடு சேர்ந்தால் குறைந்தது ஐந்து ஆண்டு உடனிருக்க வேண்டும் என்று தன் குழுக்களிடம் அது கேட்டது. கனடா கிளை 2008 முதல் தன் தோல்விகளையே அறிக்கையாக வெளியிட்டது. இந்த இரண்டு பழக்கத்தையும் கடல் தாண்டாமலே எடுத்துக்கொள்ளலாம். ஐ-ட்ரிபிள்-ஈ (IEEE) என்ற உலகப் பொறியாளர் சங்கத்தின் மாணவர் கிளை உள்ள கல்லூரிகளில் எபிக்ஸ் என்ற சமூகப் பணித் திட்டத்துக்கு நிதி கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

ஒரே பார்வையில்

| | என்.எஸ்.எஸ். | ஹேக்கத்தான் | கிராமத் திட்டம் | கடைசி ஆண்டு பிராஜெக்ட் |
|---|---|---|---|---|
| பிரச்சினையைச் சொல்வது | ஊர், திட்ட அலுவலர் | அமைச்சகம், நிறுவனம் | ஊர் | பயன்படுத்தப் போகிறவர் |
| திரும்பிப் போவது | முகாம் ஊரைப் பொறுத்து | அரிது | முடியும் | முடியும் |
| பிறகு பழுது பார்ப்பது | பெரும்பாலும் தேவைப்படாது | யாருமில்லை | முன்பே பேசினால் ஊர்ப் பட்டறை | பயன்படுத்துகிறவர் |
| துறை அறிவு | குறைவு | அதிகம், அவசரமாக | நடுத்தரம் | அதிகம் |
| மறைந்த செலவு | வார இறுதிகள் | பயணம், பாகங்கள், இன்டர்னல் | அனுமதி, பஸ், நேரம் | வைவா, வழிகாட்டியைத் தேடுவது |
| ஏற்ற காலம் | 1, 2ஆம் ஆண்டு | 2, 3ஆம் ஆண்டு | 2ஆம் ஆண்டு முதல் | 3ஆம் ஆண்டிலேயே தொடங்கி |

யாருக்கு எது?

முதல் ஆண்டு என்றால் யோசிக்கவே வேண்டாம், என்.எஸ்.எஸ். ஆட்களோடு பேசப் பழகிக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டில் இருக்கிறீர்கள், வேலை கிடைப்பதுதான் இப்போது வீட்டுக்கு முதல் தேவை என்றால் ஹேக்கத்தானுக்குப் போங்கள். அதில் செய்ததைக் கீழே போடாமல் கடைசி ஆண்டு பிராஜெக்ட்டாக எடுத்து, உண்மையான ஒரு ஆளிடம் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வழிகளை இப்படிச் சேர்ப்பதுதான் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது.

உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கம் கிராமத்திலிருந்தே தினமும் வந்து படிக்கிறவர்கள் வேறு ஊரைத் தத்தெடுக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரே உங்கள் களம். பஸ் பிரச்சினை இல்லை, மறுபடி வருவீர்களா என்று யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி உங்கள் ஊரைப் பட்டியலில் சேர்க்கப் பாருங்கள்.

ஐந்தாறு அரியர் இருப்பவர்கள் முதலில் அதை முடிக்கட்டும். பிராஜெக்ட் ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தால் அவர்களுக்குப் போதும்.

எதை எடுத்தாலும் காலத்தைப் பார்த்து எடுங்கள். ஹேக்கத்தானுக்கான கல்லூரி அளவிலான தேர்வு பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். கண்மாய், வாய்க்கால், வடிகால் சம்பந்தமான எதுவாக இருந்தாலும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், வடகிழக்குப் பருவமழை பெய்யும்போதே முதல் தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும். மார்ச் மாதம் ரிவ்யூவுக்கு முன் அவசரமாகப் போனால் காய்ந்த தரையும் சீமைக்கருவேலமும்தான் இருக்கும், எந்த மடை ஒழுகுகிறது என்று காட்டத் தண்ணீர் இருக்காது.